சின்ன விசயம் என்று யார் சொன்னது?

1

எங்க அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு. ஆனால் என் வாழ்க்கையில் நான் கேட்ட முதல் இலக்கியம் அவளுடையதுதான். அதை இலக்கியம் என்று சொல்ல எனக்கு நாற்பது வருசம் ஆயிற்று. அந்த நாற்பது வருசத் தாமதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சாயங்காலம் கூலிவேலை முடிந்து, உலை வைத்து இறக்கி, சிம்னி விளக்கைத் துடைத்து ஏற்றிய பிறகு எங்கள் தெருவில் செபமாலை சொல்லுவார்கள். ஒரு திண்ணை, ஒரு மாதா படம், பத்துப் பன்னிரண்டு பொம்பளைகள். ஐம்பத்து மூன்று மணியும் புத்தகத் தமிழில் உருளும். அது முடிந்ததும் அம்மாச்சி தனியாக ஆரம்பிப்பாள். அது எங்கள் பேச்சில் இருக்கும்.

"ஆண்டவரே, கருப்புக் கோழி இன்னும் அடையல. கீரிப்புள்ள கண்ணுல படாமப் பாத்துக்கோ. மேலவீட்டுல இரவல் வாங்குன பித்தளப் பானையில சொட்டை விழுந்துபோச்சு, அந்தம்மா வாயில இருந்து காப்பாத்து. ரேசன்ல இந்த வாரமாச்சும் மண்ணெண்ண ஊத்தட்டும். கடைசி வீட்டுக்காரிக்கு நாலு நாளாக் காய்ச்சல், அவ புள்ளைக்குக் கஞ்சிக்கு வழி பண்ணு. நாளைக்குக் கைகாட்டுனா பஸ்சு நிக்கணும். நடவு முடியிற வரைக்கும் என் இடுப்பு தாங்கணும்."

இப்படியே பத்து நிமிசம் போகும். ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். பண்ணையாரை அவள் "சாமி" என்று கூப்பிட்டாள். கடவுளை "நீ" என்று கூப்பிட்டாள். புத்தகச் செபத்தில் இருந்த "நீர்" அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

1970களின் கடைசியில் ஒருநாள் பங்குச் சாமியார் தெருவுக்கு வந்திருந்தார். நல்லவர்தான். செபமாலை முடியும்வரை நின்றார். அம்மாச்சியின் செபத்தையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாட்டி, ஆண்டவர் என்ன உங்க வீட்டு வேலைக்காரரா? கோழி தேடவும் பானைக்குச் சொட்டை எடுக்கவுமா அவர் சிலுவையில தொங்குனாரு? சின்னச் சின்ன விசயத்தையெல்லாம் விட்டுட்டு ஆன்ம ஈடேற்றத்தக் கேளுங்க." எல்லாரும் சிரித்தார்கள். அம்மாச்சியும் சிரித்தாள். மறுநாளிலிருந்து அவள் செபம் வெளியே கேட்கவில்லை. உதடு மட்டும் அசையும்.

சில வருசம் கழித்து நான் கல்லூரி விடுதியிலிருந்து லீவுக்கு வந்திருந்தேன். கையில் புத்தகம், தலையில் கனம். உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, "கோழிக்குச் செபம் பண்ற நேரத்துல கூலி உயர்வுக்குச் சங்கம் வைக்கலாம்ல அம்மாச்சி" என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீயும் அந்தச் சாமியாரு மாதிரியே பேசுற."

எனக்குக் கோபம் வந்தது. நான் எங்கே, சாமியார் எங்கே? அவர் மோட்சம் பேசுகிறார், நான் புரட்சி பேசுகிறேன். ஆனால் அவள் சொன்னது சரி. இரண்டு பேரும் அவள் கேட்டதைச் "சின்ன விசயம்" என்றுதான் சொன்னோம்.

2

சின்ன விசயம், பெரிய விசயம் என்று பிரிக்கும் அளவுகோல் யார் கையில் இருக்கிறது? தலித் விமர்சனம் கேட்க வேண்டிய கேள்வி இது. நாம் கேட்கவில்லை.

அம்மாச்சியைத் திருத்திய அதே வருசம், மேலத்தெருவில் ஒரு வீட்டில் டிராக்டர் வாங்கினார்கள். அதே சாமியார் தீர்த்தம் கொண்டுபோய் மந்திரித்துவிட்டு வந்தார். புதுவீடு மந்திரிப்பு உண்டு, கிணற்று மோட்டார் மந்திரிப்பு உண்டு, விதைநெல் மந்திரிப்பு உண்டு. பூசையில் அந்தக் குடும்பத்தின் பேர் சொல்லி வேண்டுதல் உண்டு. டிராக்டர் என்ன ஆன்ம ஈடேற்றமா? அதை யாரும் கேட்கவில்லை. ஆக, கேட்கப்படும் பொருளின் அளவை வைத்துப் பெரிசு சின்னது தீர்மானிக்கப்படவில்லை. கேட்கிறவர் யார் என்பதை வைத்துத்தான் தீர்மானிக்கப்பட்டது. டிராக்டர் வைத்திருப்பவன் கேட்டால் அது ஆசீர்வாதம். கோழி வைத்திருப்பவள் கேட்டால் அது அறியாமை.

இது ஒரு ஊர்க்கதை மட்டுமில்லை. 1876-78 தாது வருசப் பஞ்சத்தின்போதும் அதன் பிறகும் தென் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான ஒடுக்கப்பட்ட மக்கள் கிறிஸ்தவ சபைகளில் சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஒரு பட்டம் கிடைத்தது: சோத்துக் கிறிஸ்தவர்கள். இந்துவும் சொன்னான், முந்தியே மதம் மாறியிருந்த மேல்சாதிக் கிறிஸ்தவனும் சொன்னான், மிசனரிகளிலும் சிலர் சந்தேகப்பட்டார்கள். சோத்துக்கு மாறினவனுக்கு விசுவாசம் இருக்காதாம். பசித்தவன் சோறு தருகிற கடவுளை நம்புவது விசுவாசத்தில் சேராதாம். வயிறு நிறைந்தவன் நம்பினால் மட்டும் அது ஆன்மீகம்.

1936-ல் அமெரிக்க மிசனரித் தலைவர் ஜான் மாட் காந்தியைச் சந்தித்துப் பேசியபோது, பசுமாட்டிடம் போய் நற்செய்தி சொல்வீர்களா என்று காந்தி கேட்டார். தீண்டப்படாதவர்களில் சிலர் புரிந்துகொள்ளும் திறனில் பசுவைவிடக் கீழே இருக்கிறார்கள் என்பது அவர் வாதம். காந்திக்கும் எங்கள் பங்குச் சாமியாருக்கும் மதம் வேறு. அளவுகோல் ஒன்றுதான். இவர்களுக்கு வயிறு இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்பது அந்த அளவுகோல்.

இதற்கு எதிராக அம்பேத்கரை வைத்துப் பாருங்கள். அரசியல் சட்டம் எழுதிய அந்த மனுசன் தன் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தபோது என்ன எழுதினார்? "விசாவுக்காகக் காத்திருத்தல்" என்று அறியப்படும் அந்தக் குறிப்புகளில் இருப்பது பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானை. பியூன் வந்து ஊற்றினால்தான் குடிக்கலாம், பியூன் லீவு போட்டால் தாகத்தோடு கிடக்க வேண்டும். மாட்டுவண்டிப் பயணம், குடிக்கத் தண்ணீர் கிடைக்காத ராத்திரி, தங்க இடம் கிடைக்காத பரோடா. 1927 மார்ச்சில் மகாத்தில் அவர் நடத்திய போராட்டத்தில் மக்கள் செய்தது என்ன? குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். ஒரு கை தண்ணீர் சின்ன விசயமா?

சாதி கோபுரத்தில் உட்கார்ந்துகொண்டு வேலை செய்வதில்லை. டம்ளரில், செருப்பில், துண்டில், பஸ் நிற்கும் இடத்தில், பானையில் வேலை செய்கிறது. ஆகவே சாதிக்கு எதிரான கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவர் டம்ளரையும் செருப்பையும் பானையையும் கவனிக்கிறவராகத்தான் இருக்க முடியும். அம்மாச்சி இதை இறையியல் படிக்காமலே தெரிந்துவைத்திருந்தாள்.

3

"அதெல்லாம் சரி, பைபிளில் அப்படியா இருக்கிறது?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். நான் விசுவாசியாக வாசிக்கவில்லை, விமர்சகனாகவே வாசிக்கிறேன்.

பழைய ஏற்பாட்டில் எலிசா தீர்க்கதரிசியின் கதைகள் வரும். ஒருவன் ஆற்றங்கரையில் மரம் வெட்டுகிறான். கோடாலியின் இரும்பு கழன்று தண்ணீரில் விழுந்துவிடுகிறது. அவன் அலறுகிறான். ஏன் அலறுகிறான் தெரியுமா? அது இரவல் கோடாலி. தீர்க்கதரிசி வந்து இரும்பை மிதக்க வைத்துக் கொடுக்கிறார். இவ்வளவுதான் கதை. இதில் யாருக்கும் மோட்சம் கிடைக்கவில்லை, எந்த ராசாவும் தோற்கவில்லை. படித்த பிரசங்கிகள் இந்தக் கதைக்கு வந்தால் இரும்பு என்றால் பாவம், மரக்கொம்பு என்றால் சிலுவை என்று உருவகம் கட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். இரவல் வாங்கிய சாமான் தொலைந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவனுக்கு உருவகம் தேவையில்லை. சொட்டை விழுந்த பித்தளைப் பானையைத் திருப்பிக் கொடுக்கப் போகிற பொம்பளைக்கு அந்தக் கதை நேராகவே புரியும்.

அதே எலிசாவிடம் ஒரு விதவை வருகிறாள். புருசன் கடன் வைத்துவிட்டுச் செத்துப்போனான். கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்திருக்கிறான். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் கொத்தடிமை. வீட்டில் இருப்பது ஒரு குடம் எண்ணெய் மட்டும். அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கிவரச் சொல்கிறார். எண்ணெய் பெருகுகிறது. விற்றுக் கடனை அடை, மிச்சத்தில் பிழை என்கிறார். இந்த அற்புதம் நடக்க அக்கம்பக்கத்தின் பாத்திரங்கள் வேண்டியிருந்தன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

சேசுவுக்கு வருவோம். செத்துப்போன சிறுமியை எழுப்பிவிட்டு அவர் சொல்கிற அடுத்த காரியம், பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பது. அற்புதத்தைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்து நிற்கும்போது பசியை ஞாபகம் வைத்திருப்பவர் அவர் ஒருத்தர்தான். ஒரு காசைத் தொலைத்துவிட்டு விளக்கேற்றி வீடு முழுக்கக் கூட்டித் தேடுகிற பொம்பளையைக் கடவுளுக்கே உவமையாகச் சொல்கிறார்.

அப்புறம் அந்தக் குருவிகள். மத்தேயு எழுதியதில் இரண்டு குருவி ஒரு காசு. லூக்கா எழுதியதில் ஐந்து குருவி இரண்டு காசு. கணக்குப் பாருங்கள். இரண்டு காசுக்கு நாலுதான் வர வேண்டும். அஞ்சாவது? அது கொசுறு. சந்தையில் கீரைக்காரி ஒரு கட்டுக்குமேல் கிள்ளிப் போடுகிற கொசுறு. அதற்கு விலையே கிடையாது. அந்தக் கொசுறுக் குருவியையும் கடவுள் மறப்பதில்லை என்பது லூக்காவின் செய்தி. குருவிக்கறி வாங்குகிறவன் ஏழை. அவன் வாங்குகிற சந்தையின் விலையும் கொசுறும் தெரிந்தவர் பேசிய பேச்சு இது. இந்தத் தேசத்தின் கணக்கில் நாம் அஞ்சாவது குருவி. நாலு வருணத்துக்கு வெளியே விழுந்த கொசுறு.

அதே இடத்தில்தான் தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்றும் வருகிறது. மயிர் என்பது எங்கள் பேச்சில் வசவு. "போடா மயிரு" என்றால் மதிப்பில்லாதவனே என்று அர்த்தம். எது மதிப்பில்லாதது என்று நாம் திட்டுகிறோமோ, அது எண்ணப்பட்டிருக்கிறது என்று சொல்கிறார்கள். பிரசங்கத்தில் "சிரசின் ரோமம்" என்று நாகரிகமாக்கும்போது இந்தச் சூடு ஆறிப்போகிறது.

காணாமல் போன பொருளைத் தேடித் தருகிறவர் என்று பதுவை அந்தோணியாரை நம்புகிறார்கள். 1231-ல் செத்துப்போன அந்தச் சந்நியாசி, பெரிய பிரசங்கி, படித்த மேதை. எங்கள் சனம் அவருடைய மேதைமையை வைத்துக்கொள்ளவில்லை. தேடித் தரும் குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் உப்பும் மிளகும் கொண்டுபோய் வைக்கிறார்கள். புளியம்பட்டிக்கும் உவரிக்கும் போய்ப் பாருங்கள். தொலைந்த ஆடு, தொலைந்த தோடு, ஓடிப்போன மகன். இந்தப் பட்டியலை மூடநம்பிக்கை என்று சொல்வது சுலபம். இவ்வளவு பொருள்கள் இந்தச் சனத்துக்கு ஏன் தொலைந்துகொண்டே இருக்கின்றன என்று கேட்பதுதான் கஷ்டம்.

4

நம் இலக்கியத்துக்கு வருகிறேன். பாமாவின் "கருக்கு" 1992-ல் வந்தது. தலித் தன்வரலாறு என்றும் எதிர்ப்பிலக்கியம் என்றும் பேசினோம். நானும் பேசியிருக்கிறேன். இப்போது திரும்ப வாசிக்கும்போது நாங்கள் ஒரு பாதியை மட்டும்தான் வாசித்தோம் என்று தெரிகிறது.

அந்தப் புத்தகத்தில் இரண்டு கடவுள்கள் இருக்கிறார்கள். ஒருத்தர் மறைக்கல்வி வகுப்பில் வருகிறவர். பாவத்தை எண்ணுகிறவர். பேயைக் காட்டிப் பயமுறுத்துகிறவர். பாவசங்கீர்த்தனக் கூண்டில் கணக்குக் கேட்கிறவர். சின்னப்பிள்ளையின் சின்னத் தப்புகள் எல்லாம் இவருக்குப் பெரிய விசயம். ஆனால் பாட்டிமார் நாயக்கர் வீட்டில் குனிந்து கைகுவித்து, நாலடி உயரத்திலிருந்து ஊற்றுகிற தண்ணீரைக் குடிப்பது இவருக்குப் பெரிய விசயமாகத் தெரியவில்லை. இதுதான் சாதிக் கிறிஸ்தவத்தின் கடவுள்: நம் பாவத்தில் சின்னதையும் விடமாட்டார், நம் பாட்டில் சின்னதைக் கேட்கமாட்டார்.

இன்னொரு கடவுள், பாமா பின்னால் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கிற சேசு. ஏழை பக்கம் நிற்கிறவர், அநியாயத்தைத் தட்டிக் கேட்கிறவர். மடத்தில் சேர்ந்ததும் இந்தச் சேசுவுக்காக, மடத்தை விட்டு வெளியே வந்ததும் இந்தச் சேசுவுக்காக. இதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று.

நாங்கள் வாசிக்காமல் விட்டது மூன்றாவதை. ஒரு பெரியவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற காட்சியை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அந்தக் காட்சியைப் பார்க்க முடிந்த கண் எங்கிருந்து வந்தது? சிறுமி சிரித்துக்கொண்டே பார்க்கிறாள், அண்ணன் காரணத்தைச் சொன்னதும் கொதிக்கிறாள். நூல், பொட்டலம், பனங்கருக்கு, தண்ணீர் ஊற்றும் உயரம் என்று ஒவ்வொன்றையும் விடாமல் எண்ணிப் பார்க்கிற கண் அது. மயிரை எண்ணுகிறவர் என்று சொல்லப்படுகிற கடவுளின் வேலையை அந்தப் புத்தகமே எடுத்துச் செய்கிறது. நாம் பெரிய கருத்துகளைத் தேடி அதற்குள் போனோம். அது சின்ன விசயங்களால் ஆனது. அதுதான் அதன் அரசியல்.

மொழியும் இதோடு சேர்ந்தது. 1962-65 வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. ஆனால் எந்தத் தமிழ்? அந்தத் தமிழில் கோழியைக் கேட்க முடியாது. "தேவரீர்" என்று ஆரம்பித்துவிட்டு மண்ணெண்ணெயில் முடிக்க முடியுமா? வாக்கியம் தாங்காது. புராட்டஸ்டண்டுகளிடம் கர்நாடக இசைக் கீர்த்தனை மரபு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து வருவது. அதுவும் அப்படித்தான், பெரிய விசயங்களுக்கு மட்டும் வாய் திறக்கிற மொழி.

இதை உடைத்தவர் பரட்டை என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் சொன்னவர், 2005-ல் மறைந்தார். அவர் செய்தது வெறும் இசைமாற்றம் என்று சிலர் நினைக்கிறார்கள். நாட்டுப்புற மெட்டைக் கோயிலுக்குள் கொண்டுவந்தார், அவ்வளவுதானே என்கிறார்கள். அது போதாது. பேச்சுமொழியைக் கொண்டுவந்ததால், அந்த மொழியில் மட்டும் கேட்க முடிகிற விசயங்களும் உள்ளே வந்தன. சோறு வந்தது, உலை வந்தது. ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது என்பதை அவர் நற்கருணைக்கு அர்த்தமாக வைத்தார். சேர்ந்து சாப்பிடாத ஊரில் அப்பம் பிட்பது பொய் என்பது அதன் உள்ளர்த்தம். தலித் இறையியல் என்ற பேரில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பல புத்தகங்களுக்குள் நுழையாத அடுப்படி இவருடைய வழிபாட்டுக்குள் நுழைந்தது.

5

இனி ஒரு தீர்ப்பை வாசிப்போம். தீர்ப்பும் இலக்கியப் பிரதிதான்.

சூசை என்பவர் சென்னையில் மவுண்ட் ரோடும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் சந்திக்கும் முனையில் ரோட்டோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடர், கிறிஸ்தவராக மாறியவர். 1980களின் தொடக்கத்தில், ரோட்டோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுக்கும் திட்டம் வந்தது. பட்டியல் சாதி இந்துக்களுக்குக் கிடைத்தது. சூசைக்கு இல்லை. அதே ரோடு, அதே வெயில், அதே ஊசி. கடவுள் மட்டும் வேறு.

சூசை விடவில்லை. உச்ச நீதிமன்றம்வரை போனார். 1985 செப்டம்பர் 30-ல் தீர்ப்பு வந்தது, தள்ளுபடி. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, பழைய சமூக அமைப்பில் இருந்த இழிவுகளும் ஊனங்களும் கிறிஸ்தவச் சூழலிலும் அதே கொடுமையோடு தொடர்கின்றன என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும், அப்படி ஆதாரம் வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். செருப்புத் தைக்கிறவர் எந்த ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கொண்டுபோய் வைப்பார்? அவர் உட்கார்ந்திருந்த இடமே ஆதாரமாக இருந்தது.

இதற்குப் பின்னால் இருப்பது 1950-ஆம் வருசக் குடியரசுத் தலைவர் ஆணை. இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது அது. 1956-ல் சீக்கியர்களுக்கும் 1990-ல் பவுத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கலாம் என்று 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது, கிடப்பில் போனது. 2022-ல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், உண்மையான நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியல் சட்டத்தின்மீது செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1878-ல் "சோத்துக்கு மாறினவன்". 2024-ல் "சலுகைக்குச் சொல்கிறவள்". பேச்சு ஒன்றுதான்.

இதில் அரசும் திருச்சபையும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்பதைப் பாருங்கள். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று அரசு சொல்கிறது, ஆகவே பெட்டிக்கடை இல்லை. கிறிஸ்துவில் எல்லாரும் ஒன்று என்று திருச்சபை சொல்கிறது, ஆகவே கல்லறையில் இருக்கும் சுவரைப் பற்றிப் பேசக்கூடாது. திருச்சியில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்த சுவரைப் பற்றி எத்தனை போராட்டம் நடந்தது என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெட்டிக்கடையும் ஒரு சுவரும் சின்ன விசயங்கள்தான். ஆனால் அந்தப் பெட்டிக்கடையைக் கொடுக்காமல் இருக்க ஒரு குடியரசுத் தலைவர் ஆணையும் ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தேவைப்பட்டன.

6

இதுவரை வந்த தோழர்கள் ஒரு கேள்வியோடு காத்திருப்பீர்கள். "அப்படியானால் செபம் பண்ணச் சொல்கிறாயா?"

இல்லை. இந்த நம்பிக்கையில் இருக்கும் ஆபத்தும் எனக்குத் தெரியும். பஸ் நிற்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்கிறவள், நம் தெருவுக்கு முன்னால் ஏன் பஸ் நிற்பதில்லை என்று டிப்போவில் கேட்காமல் போகலாம். கிறிஸ்தவத்துக்கு மாறிய தீண்டப்படாதவர்களைப் பற்றி அம்பேத்கர் எழுதியபோது இதைத்தான் சுட்டினார். உன் வீழ்ச்சிக்குக் காரணம் சமூகச் சூழல் அல்ல, உன் பாவம்தான் என்று சொல்லிக்கொடுத்தால், சூழலை எதிர்த்துப் போராடும் உந்துதல் அவனுக்கு எங்கிருந்து வரும் என்பது அவர் கேள்வி. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

இப்போது இன்னொரு கூட்டமும் வந்துவிட்டது. மைதானத்தில் மேடை போட்டு, உன் சின்னக் கவலையும் கடவுளுக்குத் தெரியும் என்று சொல்லி, காணிக்கைக் கவரை நீட்டுகிற கூட்டம். அங்கே மேடையேறி "சாட்சி" சொல்கிறார்கள். நம் பத்திரிகையிலும் சாட்சியம் வெளியிடுகிறோம். ஒரே சொல்தான். ஆனால் அந்தச் சாட்சி கட்டாயம் நன்றியில் முடிய வேண்டும். வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, அல்லேலூயா. கிடைக்காதவளுக்கு அந்த மேடையில் இடமில்லை. அவளுக்கு விசுவாசம் குறைவு என்று தள்ளிவிடுவார்கள். பங்குச் சாமியார் சின்ன விசயத்தைத் துரத்தினார், இவர்கள் அதை விலைக்கு வாங்குகிறார்கள். இரண்டிலும் கேட்கிறவள் தனியாகத்தான் நிற்கிறாள்.

அம்மாச்சி தனியாக நிற்கவில்லை. இதைத்தான் நான் புரிந்துகொள்ள நாற்பது வருசம் ஆயிற்று. அவள் சத்தமாகச் செபம் சொன்ன நாட்களில், மறுநாள் காலையில் யாராவது கருப்புக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள்: "எங்க படப்புல அடஞ்சிருந்துச்சு பெரியாத்தா." கடைசி வீட்டுக்குக் கஞ்சி போகும். இரண்டு வீட்டில் இருந்து ஆளுக்கு அரை லிட்டர் மண்ணெண்ணெய் வரும். ஈயம் பூசுகிறவன் வரும்போது பானையின் சொட்டையைத் தட்டி எடுக்க நாலு பேர் காசு போட்டார்கள். அவள் செபம் கடவுளிடம் போனதா என்று எனக்குத் தெரியாது. திண்ணையில் இருந்த பன்னிரண்டு பேரிடம் போனது. அந்தத் தெருவில் யாருக்கு என்ன இல்லை என்கிற கணக்கு ஒவ்வொரு ராத்திரியும் சத்தமாக வாசிக்கப்பட்டது. எலிசா சொன்ன அக்கம்பக்கத்துப் பாத்திரங்கள் இவைதான்.

சாமியார் சிரித்த பிறகு அவள் உதட்டுக்குள் பேச ஆரம்பித்தாள். கடவுளுக்குக் கேட்டிருக்கலாம். தெருவுக்குக் கேட்கவில்லை. கடைசி வீட்டில் பிள்ளை பட்டினி கிடந்தால் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவந்தது. சங்கம் வை என்று நான் அவளுக்கு உபதேசம் பண்ணினேனே, அந்தத் திண்ணையில் ஒரு சங்கம் ஏற்கெனவே இருந்தது. அதைக் கலைத்த பிறகு வந்து நான் சங்கத்தைப் பற்றிப் பேசினேன்.

இப்படி விளக்கிவிட்டால் அம்மாச்சி ஒத்துக்கொள்ளமாட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "தெரு கேட்டுச்சு, தெரு குடுத்துச்சு" என்று சொன்னால், "தெருவுக்கு மனச யாரு குடுத்தா?" என்பாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவள் நம்பிக்கையைச் சமூகவியலாகக் கரைத்துக் குடித்துவிட எனக்கு உரிமையும் இல்லை. அவள் நம்பினாள், நான் நம்பவில்லை. ஆனால் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று அவளுக்கு வரம்பு கட்டியவர்களின் வரிசையில் இனி நான் நிற்கமாட்டேன்.

தலித் இலக்கியம் என்று நாம் தொகுத்தவற்றில் கதை இருக்கிறது, கவிதை இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது, விடுகதையும் வசவும்கூட இருக்கிறது. நம் பொம்பளைகள் தங்கள் சொந்தப் பேச்சில் சொன்ன செபங்கள் இல்லை. மாதாவிடம் கேட்டாலும் மாரியம்மாவிடம் கேட்டாலும் அல்லாவிடம் கேட்டாலும் அது நமக்கு வேண்டிய ஆவணம்தான். ஒரு தலைமுறைக்கு என்னென்ன இல்லாமல் இருந்தது என்று அரசாங்கக் கணக்கைவிட அதில் சரியாக இருக்கும். அம்மாச்சியின் செபத்தில் எனக்கு இப்போது ஞாபகத்தில் இருப்பவை மேலே எழுதிய அந்த ஆறு வேண்டுதல்கள் மட்டும்தான். பத்து நிமிசச் செபத்தில் ஆறு. மற்றதெல்லாம் அவளோடு போய்விட்டது.

மாணவர்களும் தோழர்களும் தங்கள் வீட்டுக் கிழவிகளிடம் உட்கார்ந்து இதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். பேச்சுத் தமிழைத் திருத்த வேண்டாம். கோழியின் நிறத்தைக்கூட விட்டுவிட வேண்டாம்.